தெர்மாகோல் சுவர் நமக்குத் தேவையா?

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்தில் வீடு கட்டுவோருக்கு எழுந்த ஐயங்கள் சிலவே. எந்தச் சூளையில் செங்கல் வாங்குவது, சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பது, வாசற்காலை எத்திசையில் நிறுத்துவது என்பவற்றோடு அவை முடிந்து போயின. இன்றோ, தாம்பரத்துக்குத் தெற்கிலும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் ஒரு மனையை வாங்கி, வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டு நிற்கும் குடும்பத்தார் முன் எத்தனையோ வகைச் சுவர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. செங்கல், சாம்பற்கல், ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் என்று நீளும் அந்த வரிசையில் புதிதாகப் பேசப்படுவது, வெப்பக் காப்பிட்ட கான்கிரீட் சுவர். இருபுறமும் தெர்மாகோல், நடுவே கான்கிரீட் என்பதே அதன் அமைப்பு.

"இதைக் கட்டினால் வீடு குளுகுளுவென்றிருக்கும், மின் கட்டணம் பாதியாகும்" என்று சொல்வோர் உண்டு. "தெர்மாகோலில் வீடா?" என்று நகைப்போரும் உண்டு. இருவருமே கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. இருபது ஆண்டுத் தவணையில் கட்டப்போகும் வீட்டை விளம்பரத்தை நம்பியும் முடிவு செய்யக் கூடாது. நகைப்பை நம்பியும் முடிவு செய்யக் கூடாது. நாவலூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

அது என்ன சுவர்?

நாம் தெர்மாகோல் என்று பொதுவாக அழைக்கும் பொருளின் பெயர் விரிந்த பாலிஸ்டைரீன். அதில் இரண்டு, இரண்டரை அங்குலக் கனமுள்ள இரு பலகைகளைப் பிளாஸ்டிக் இணைப்புகளால் பிணைத்து, நடுவில் ஆறு அங்குல இடைவெளி விட்டுக் கட்டிகளாகச் செய்கிறார்கள். இக்கட்டிகளைக் குழந்தைகளின் விளையாட்டுக் கட்டைகளைப் போல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். வழக்கமான வேலையில் கான்கிரீட் இறுகியதும் சென்ட்ரிங் பலகையைப் பிரித்து விடுவோம். இங்கே பலகை பிரிக்கப்படுவதில்லை. அதுவே சுவரின் சட்டையாக நிலைத்துவிடுகிறது. கனடா நாட்டுக் கட்டடக்காரர் வெர்னர் கிரிகோரி என்பவர் 1966-இல் இத்தகைய அச்சுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். பின்னர் இம்முறை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது.

இது கனடாவில் பிறந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே குளிர்காலத்தில் வெளியே சுழிக்குக் கீழ் 20 டிகிரி, உள்ளே சுழிக்கு மேல் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சுவரின் இரு பக்கத்துக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு. அவ்வேறுபாடு இரவும் பகலும், மாதக்கணக்கில், நான்கு சுவர்களிலும் ஒன்றுபோல் நீடிக்கிறது. வீட்டில் எரியும் எரிபொருளின் வெப்பம் நான்கு பக்கமும் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நாட்டில் கம்பளி போர்த்திய சுவர் தேவை என்பதில் ஐயமில்லை.

நாவலூரின் நிலை என்ன? மே மாதப் பிற்பகலில் நிழலில் 38 டிகிரி. உள்ளே மின்விசிறி சுழலும் கூடத்தில் 32, 33. வேறுபாடு ஐந்தாறு டிகிரிதான். நள்ளிரவில் வெளியே 28-க்கு இறங்கும்போது வீட்டின் உள்ளேதான் வெப்பம் மிகுதி. அப்போது வெப்பம் எதிர்த் திசையில் செல்ல விரும்புகிறது. மார்கழி, தை மாதங்களில் சுவருக்கு வேலையே இல்லை. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது உண்மையே. ஆயினும் நம்மை ஆண்டுதோறும் வாட்டுவது காற்றின் வெப்பத்தைக் காட்டிலும், நேரே விழும் வெயில்தான். எனவே, எந்தச் சுவர் நல்லது என்று கேட்பதற்கு முன், வெயில் நம் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று கேட்க வேண்டும்.

லீ வட்டு சொல்லும் பாடம்

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் லீ வட்டுச் சோதனையை நம்மில் பலர் செய்திருக்கிறோம். அட்டையை இரு உலோகத் தட்டுகளுக்கு இடையே வைத்து, நீராவியைச் செலுத்தி, அரிதிற் கடத்தியின் வெப்பக் கடத்துதிறனைக் கண்டுபிடித்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிறோம். அந்த எண்ணை வீட்டுச் சுவருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு மீட்டர் கனத்துக்கு, ஒரு டிகிரிக்கு, இத்தனை வாட் என்ற அலகில் கான்கிரீட்டின் கடத்துதிறன் ஏறத்தாழ 1.6. நன்கு சுட்ட செங்கல் ஏறத்தாழ 1. ஏ.ஏ.சி. பிளாக் 0.18 அளவில். தெர்மாகோல் 0.035. அதாவது, ஒரே கனமுள்ள கான்கிரீட், தெர்மாகோலைப் போல் நாற்பத்தைந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

இப்போது ஒரு படுக்கையறையை நினைத்துக்கொள்வோம். பன்னிரண்டுக்குப் பத்து அடி, மேலே வெறும் கான்கிரீட் தளம், மேற்கே பத்தடிக்குப் பத்தடிச் சுவர், ஏ.சி. ஓடி உள்ளே 27 டிகிரி. பிற்பகல் மூன்றரை மணிக்குத் தளத்தின் மேற்பரப்பு 55 டிகிரி, மேற்குச் சுவரின் வெளிப்பரப்பு 45 டிகிரி என்று கொள்வோம். வெயில் ஏறி இறங்குவதை விட்டுவிட்டு, வெப்பம் சீராகப் பாய்வதாக வைத்துப் போடும் தோராயக் கணக்கு இது.

ஒன்பது அங்குலச் செங்கற் சுவர் வழியே உள்ளே வரும் வெப்பம் சுமார் 410 வாட். அதே சுவரைக் காப்பிட்ட கான்கிரீட்டில் கட்டினால் 45 வாட். பார்த்தவுடன் வியப்புத்தான். ஆனால், எட்டு அங்குல ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டினால் 130 வாட். ஆக, தெர்மாகோல் சுவர் தரும் சேமிப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை, பக்கத்துத் தெருக் கொத்தனாரே அடுக்கித் தரக்கூடிய கல் தந்துவிடுகிறது.

மேலே பார்ப்போம். ஐந்து அங்குலத்துக்கும் குறைவான வெறும் தளம் வழியே அறைக்குள் இறங்குவது சுமார் 1,170 வாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 3,500 வாட். எனவே, அந்த ஏ.சி.யின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கூரை ஒன்றே விழுங்கிவிடுகிறது. மேற்கே இருபது சதுர அடிக் கண்ணாடி ஜன்னல் நிழலின்றி இருந்து, அதன்மேல் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுமானால், அதன் வழியே 700 வாட் அளவுக்கு உள்ளே வரும். கூரை 1,170, ஜன்னல் 700, சுவர் 410. இதுவே வரிசை. மூன்றாம் இடத்தில் உள்ளவனைப் பிடிக்கப் பெரும் பணம் செலவிட்டு, முதலிருவரை வாசல் வழியே வரவேற்பது அறிவுடைமை ஆகுமா?

அந்த 1,170 வாட்டைக் குறைப்பது கடினமான வேலையன்று. தளத்தின் மேல் இரண்டு அங்குல வெப்பக் காப்புப் பலகை பதித்து, அதன் மேல் வெண்ணிற ஓடு ஒட்டினால், அது 100 வாட் அளவுக்கு இறங்கிவிடும். வாங்க வேண்டிய பொருள் அதே தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்ததுதான். வைக்கும் இடம்தான் வேறு. நம் பழைய சென்னை வீடுகளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். மழைநீர் கசியாமலிருக்கச் செய்த அவ்வேலை வெப்பத்தையும் ஓரளவு தடுத்தது. இன்று செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படுவது அந்த வேலைதான்.

அரசு விதிகளும் கூரையைத் தனியே பார்க்கின்றன. குடியிருப்புகளுக்காக 2018-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது மூன்றுக்கு மேல். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வகுத்து வெளியிட்டது. "குளிர்சுவர்க் கொள்கை" என்று அது பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத இரவு

மேற்கண்ட கணக்கு ஏ.சி. ஓடும் அறைக்கு உரியது. நம்மில் பலர் வீட்டில் ஏ.சி. இல்லை; இருந்தாலும் ஓர் அறையில், இரவில் சில மணி நேரம் ஓடும். அத்தகைய வீட்டுக்குக் கணக்கே மாறிவிடுகிறது.

சும்மா அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. ஐந்து பேர் குடும்பத்தில் 500 வாட். அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவை தனி. இவ்வெப்பம் இரவில் வெளியேற வேண்டும். கம்பளி போர்த்திய சுவர், வருவதைத் தடுப்பது போலவே போவதையும் தடுக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். ஆனால், சதுப்பு நிலமும் ஏரியும் சூழ்ந்த நம் பகுதியில் மாலை ஆறு மணிக்குக் கொசு வந்துவிடுகிறது. எல்லா ஜன்னல்களும் சாத்தப்படுகின்றன. ஆகவே, நாவலூரில் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையும் வெப்பத்தைப் பற்றிய முடிவுகளில் ஒன்றே. கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று உள்ளே நுழைய ஒரு ஜன்னல், எதிர்ப்புறம் வெளியேற ஒரு ஜன்னல், இரண்டுக்கும் வலை. இதற்கு ஆகும் செலவு தெர்மாகோல் சுவர்ச் செலவில் சிறு துளி.

செங்கற் சுவருக்கும் குறை இல்லாமலில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மேற்குச் சுவர், இரவு பத்து மணிக்கும் கையைச் சுடுகிறது. அதையொட்டிக் கட்டில் போட்டவருக்குத் தூக்கம் இல்லை. எனவே மேற்குச் சுவரை மட்டும் தனியே கவனிப்பது நியாயம். ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டலாம். அல்லது லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே காற்றிடம் விட்டுக் கட்டலாம். அதில் செங்கல்லும் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். அதுவும் முடியாவிடில், அப்பக்கம் படிக்கட்டும் குளியலறையும் வருமாறு வரைபடத்தை மாற்றலாம். ஒரு வேம்பை நடலாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது தென்சென்னைப் புறநகர்களில் பல இடங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. ஏ.சி. ஓடினால்தான் வாழமுடியும் என்ற வகையில் கட்டப்பட்ட வீடு அந்நாள்களில் எப்படி இருந்திருக்கும்? வீட்டைத் திட்டமிடுவோர் மின்சாரம் இருக்கும் நாளை மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது.

மேஸ்திரியின் கண்

காப்பிட்ட கான்கிரீட் சுவர் உறுதியானது, புயலைத் தாங்கும், சாலையின் இரைச்சலைக் குறைக்கும் என்பவை மறுக்கத்தக்கன அல்ல. முறையாகக் கட்டிய இடத்தில் இவை உண்மையே. "முறையாக" என்ற அச்சொல்லில்தான் சிக்கல்.

சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் மேஸ்திரி முதலில் பார்ப்பது என்ன? கான்கிரீட் நன்றாக இறங்கியிருக்கிறதா, தேன்கூடு போல் பொந்து விழுந்திருக்கிறதா, கம்பி வெளியே தெரிகிறதா என்பதையே. குறை இருந்தால் அன்றே அடைத்துவிடலாம். தெர்மாகோல் அச்சில் பலகை பிரிக்கப்படுவதே இல்லை. உள்ளே விழுந்த பொந்து கண்ணுக்குத் தெரியாது. கடலுக்கு அருகில், உப்புக் காற்றும் பல கிணறுகளில் உவர் நீரும் உள்ள நம் பகுதியில், பொந்து விழுந்த இடத்தில் கம்பி துருப்பிடிக்க நெடுநாள் ஆகாது. பழகிய கை இருந்தால் இதைத் தவிர்க்கலாம். அந்தப் பழகிய கை இங்கு இன்னும் உருவாகவில்லை. கரையான் தெர்மாகோலைத் தின்பதில்லை. ஆனால் அதைக் குடைந்து வழி உண்டாக்கிக்கொள்ளும். தீ பிடித்தால் அது உருகி எரிந்து, கரும்புகை கக்கும். ஆகவே உட்புறம் தக்க பூச்சோ பலகையோ இன்றி விடவே கூடாது. இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு என்றாலும், ஒவ்வொரு மாற்றும் ஒரு செலவு.

இக்காரணங்களால், நாவலூரில் தரைத்தளமும் ஒரு மாடியுமாகத் தனி வீடு கட்டும் குடும்பம் காப்பிட்ட கான்கிரீட் சுவரை நாட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அந்தப் பணத்தைக் கூரைக்கும், ஜன்னல் நிழலுக்கும், மேற்குச் சுவருக்கும் இவ்வரிசையில் செலவிடட்டும்.

உண்மையில் எங்கே தேவை?

ஆயினும் விவாதம் இத்துடன் முடிந்துவிடவில்லை. நாவலூரில் நின்று சுற்றிலும் பார்த்தால் கண்ணில் படுபவை தனி வீடுகள் அல்ல, வானளாவிய அடுக்குமாடிகள். இவ்வகைக் கட்டடங்கள் பலவற்றில் இப்போது செங்கல்லே கிடையாது. அலுமினிய அச்சு வைத்து, சுவரும் தளமும் ஒன்றாக வரும்படி கான்கிரீட் ஊற்றுகிறார்கள். சுவரின் கனம் ஆறு அங்குலம் அளவே. காப்பு ஏதும் இல்லை. வேலை விரைவாக முடிகிறது, கட்டுவோருக்கு ஆதாயம். முன்பு கணக்கிட்ட அதே மேற்குச் சுவர் இவ்வாறு வெறும் கான்கிரீட்டில் இருந்தால், 410 வாட் 670 வாட்டாக உயர்ந்துவிடுகிறது. பழைய செங்கற் சுவரைக் காட்டிலும் இது ஒன்றரை மடங்குக்கு மேல்.

இங்கே இன்னொன்றும் உண்டு. பதினைந்து மாடிக் கட்டடத்தில் கூரை என்பது உச்சி மாடிக்கு மட்டுமே. மற்றப் பதினான்கு மாடிக்காரர்களுக்கு வெயில் வரும் வழி சுவரும் ஜன்னலும்தான். அவர்கள் வேம்பு நட முடியாது. படிக்கட்டை மேற்கே மாற்ற முடியாது. தனி வீட்டில் மூன்றாம் இடத்தில் நின்ற சுவர், இங்கே முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. காப்பு தேவைப்படும் இடம் இதுவே. ஆனால், அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடியேறுபவருக்கு இல்லை. சுவரில் மிச்சம் பிடிப்பவர் கட்டுபவர். முப்பது ஆண்டு மின் கட்டணம் கட்டுபவர் வாங்குபவர். தாம் வாங்கும் வீட்டின் சமையலறைக் கல்லின் நிறத்தைக் கேட்போர், சுவர் எதனால் ஆனது என்று கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

ஏழைகளின் நிலையை எண்ணினால் இது இன்னும் கூர்மையாகிறது. நாவலூருக்கு அருகிலேயே செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் பல்லாயிரம் குடும்பங்கள் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டுள்ளன. பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் கலங்கரை விளக்கத் திட்டத்தின் கீழ், முன்வார்ப்புக் கான்கிரீட் முறையில் 1,152 வீடுகள் எழுந்தன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல். 2022 மே 26 அன்று திறப்பு. அதே திட்டத்தில் ஆறு நகரங்களுக்கு ஆறு முறைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இந்தூருக்கு சிமென்டும் தெர்மாகோல் மணிகளும் கலந்த உள்ளீடு கொண்ட பலகைகள். லக்னோவுக்கு, கான்கிரீட் ஊற்றியபின் பிரிக்காமல் விட்டுவிடும் பி.வி.சி. அச்சு. நம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2013-இல், உர ஆலைகளின் கழிவான ஜிப்சத்திலிருந்து செய்த, உள்ளே பொந்துகள் கொண்ட பலகைகளால் நான்கு குடியிருப்புகள் உள்ள இரண்டடுக்கு மாதிரிக் கட்டடம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் கட்டி முடிக்கப்பட்டது. ஆக, அச்சைப் பிரிக்காமல் கான்கிரீட் ஊற்றும் கலை இந்நாட்டுக்குப் புதிதன்று; அறிஞரும் உண்டு, அனுபவமும் உண்டு. ஆனால் எவ்வளவு விரைவில் கட்டினோம், எவ்வளவு மலிவாகக் கட்டினோம் என்று பேசப்படும் அளவுக்கு, மே மாதத்தில் மூன்றாம் மாடியில் குழந்தையைத் தூங்க வைக்கும் தாய்க்கு அறை எத்தனை டிகிரி என்பது பேசப்படுவதில்லை. பணம் உள்ளவர் வெப்பத்தை ஏ.சி. கொண்டு வெளியேற்றுவார். ஒதுக்கீட்டு வீட்டில் குடியேறியவர் என் செய்வார்?

எனவே, காப்பிட்ட சுவரைப் பற்றிய விவாதத்தைத் தனி வீட்டுக்காரரின் திண்ணையிலிருந்து எடுத்து, பல மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும் மேசைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தெர்மாகோல்தான் வேண்டும் என்பதில்லை. வெளிப்புறக் காப்புப் பூச்சு, ஏ.ஏ.சி. பிளாக் வெளிச்சுவர், ஜன்னலுக்கு அகலமான சன்ஷேட் என்று வழிகள் பல. அரசு கட்டும் வீடாயினும் தனியார் விற்கும் வீடாயினும், சுவர், கூரை, ஜன்னல் மூன்றின் வழியே எவ்வளவு வெப்பம் வரும் என்ற கணக்கை வரைபடத்தோடு சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

நம் கல்லூரி மாணவர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆய்வுக்கூடத்தில் வெப்பமானிகள் இருக்கின்றன. நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவர்களிடையே ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு, செங்கல் வீடு, கான்கிரீட் அடுக்குமாடி என எல்லா வகை வீட்டாரும் இருக்கிறோம். சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் கூரையின் அடிப்புறத்தையும் மேற்குச் சுவரையும் அளந்து எழுதி வைத்தால், விளம்பரத்துக்கும் நகைப்புக்கும் பதிலாக நம் ஊருக்கென்றே ஓர் அட்டவணை கிடைக்கும். இயற்பியல் துறைப் பேராசிரியர்கள் வழிகாட்டினால், அடுத்த ஆண்டு மலரில் அதை வெளியிடலாம். வீடு கட்டப் போகும் ஒரு குடும்பத்துக்காவது அது பயன்படும்.